இது காமெடி இல்லை

ஜனவரி 19

இரண்டு வாரம் பேசக் கூடாது. குரல்நாணில் மிளகு அளவுக்கு ஒரு முடிச்சு இருந்ததாம், நேற்று எடுத்துவிட்டார்கள். டாக்டர் பிரேமலதா வீட்டுக்கு அனுப்பும்போது என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார். பேசக் கூடாது, தொண்டையைச் செருமக் கூடாது, சத்தம் போட்டு அழக் கூடாது. "காதுக்குள்ள கிசுகிசுன்னு பேசலாமா டாக்டர்?" என்று அம்மா கேட்டாள். "அது சத்தமாப் பேசுறதைவிட மோசம்மா" என்றார்.

எனக்கென்று இருப்பது இந்தக் குரல் ஒன்றுதான். இன்ஸ்டாவில் 'சும்மா சொன்னேன்' என்று ஒரு பக்கம். நான், ரினோ, இசக்கி மூன்று பேரும் நடத்துகிறோம். நான் எழுதுவேன், ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் பேசுவேன். ரினோ நடிப்பான். இசக்கி படம் பிடித்து வெட்டி ஒட்டுவான். காதல் தோல்வி, வேலை போனது, அத்தை மகள் கல்யாணம், எதுவாக இருந்தாலும் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று துளி உணர்ச்சி இல்லாமல் அறிவிப்பேன். இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் பார்க்கிறார்கள். மூன்று வருடம் அடித்தொண்டையில் பேசிப் பேசி முடிச்சு விழுந்துவிட்டது. உணர்ச்சி இல்லாமல் பேசியதற்காக ஆபரேஷன் செய்துகொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் ரீல் எல்லாம் ஒரே வரியில்தான் தொடங்கும்: "இது காமெடி இல்லை." அதற்குப் பிறகு வருவதெல்லாம் காமெடி.

பேசாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அம்மா நகைக்கடையில் கொடுத்த டைரி ஒன்றை எடுத்துத் தந்தாள். போன வருடத்து டைரி, கிழமையெல்லாம் தப்பு. இருபத்து நாலு வயதில் டைரி எழுதும் பெண்ணைப் பற்றி நானே பத்து மீம் போடுவேன். அதனால் முதல் ஆளாக நானே சிரித்துவிட்டேன், சத்தம் வராமல். நம்மை நாமே முதலில் கிண்டல் செய்துவிட்டால் அடுத்தவருக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது, அதுதான் எங்கள் பக்கத்தின் கொள்கை. பெயர் ஜோவிதா. ஊர் தூத்துக்குடி. யாருக்கு அறிமுகம் செய்துகொள்கிறேன் என்று தெரியவில்லை, இதற்கு ஃபாலோயர் யாரும் கிடையாது.

ஜனவரி 20

பேசவில்லை. ஆவி பிடித்தேன். கஞ்சி.

ஜனவரி 21

எனக்குக் குரல்தான் இல்லை, காது நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் எல்லோரும் என்னிடம் கத்திப் பேசுகிறார்கள். எதிர்வீட்டு அக்கா கையை ஆட்டி ஆட்டி "சாப்ட்டியா?" என்று கேட்டாள், வாய்க்குள் சோறு போடுவது போல நடித்துக் காட்டி. அம்மா அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். அங்கிருந்து ஒரு சிலேட்டும் சாக்பீஸும் கொண்டு வந்தாள். 'சாப்பிட்டேன்' என்று எழுதி எதிர்வீட்டு அக்காவிடம் காட்டினேன். "கையெழுத்து நல்லாருக்கே" என்று அதையும் கத்திச் சொன்னாள்.

மத்தியானம் எங்கள் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ரினோ ஒரு செய்தி போட்டான். கப்பல் கிடைத்துவிட்டது. 29ஆம் தேதி ரயில், மும்பையில் போய் ஏறுகிறான், ஒன்பது மாத ஒப்பந்தம். கடைசியில் "உங்களையெல்லாம் நெனச்சாக் கஷ்டமா இருக்கு" என்று எழுதித் தொலைத்துவிட்டான்.

எங்கள் குரூப்பில் ஒரு சட்டம் உண்டு. யாராவது மனசில் இருந்து ஒன்றைச் சொல்லிவிட்டால் அவருக்கு உடனே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும். தெருமுனையில் ஒட்டுவார்களே, அதே மாதிரி: நடுவில் போட்டோ, இருபுறமும் குத்துவிளக்கு, தோற்றம், மறைவு. மறைவுக்கு எதிரே அந்தச் செய்தி போட்ட நேரம். கீழே 'ஆழ்ந்த வருத்தத்தில்: நண்பர்கள்.' ஒரு நாள் முழுக்க அதைத்தான் முகப்புப் படமாக வைத்திருக்க வேண்டும். டிசைனர் நான்தான். இதுவரை நாற்பது பேரையாவது அனுப்பி வைத்திருப்பேன்.

ரினோவுக்கும் அடித்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. போட்டோ தேர்ந்தெடுக்கத்தான் அவ்வளவு நேரம். வெளிச்சம் சரியாக விழுந்த படமாக வேண்டுமே, அதனால்தான். "செம டிசைன்" என்று பதில் போட்டான்.

ஜனவரி 23

பேசாமல் இருக்கும்போது பகல் நீளமாகிவிடுகிறது. ஜன்னல் பக்கம் பாய் போட்டுப் படுத்திருந்தேன். துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வந்தது, உப்பு வாசனையோடு. எங்கோ ஒரு லாரி நிறுத்தியபடியே உறுமிக்கொண்டிருந்தது. குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். இவ்வளவு நாளும் இதெல்லாம் என் காதில் விழவே இல்லை, அடுத்து என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டு, திடீரென்று சொல்ல ஆரம்பித்தாள். பத்தொன்பது வயதில் கோயில் பாடகர் குழுவில் தனியாக ஒரு பாட்டுக்கு எழுந்து நின்றாளாம். முதல் வரியிலேயே குரல் நின்றுவிட்டதாம். அன்றோடு பாடுவதை விட்டுவிட்டாளாம். எனக்கு அம்மா பாடுவாள் என்பதே தெரியாது. சிலேட்டில் 'ஏன் சொல்லவே இல்லை' என்று எழுதினேன்.

"ஒங்கிட்டயா? அதயும் நீ ரயில் வார மாதிரி அறிவிச்சிருப்ப."

கோபமாகச் சொல்லவில்லை, பயறைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். சிலேட்டை அழித்தேன்.

ஜனவரி 24

ரினோ பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போனான். உப்பளங்களைத் தாண்டி, கடற்கரை ஆளில்லாமல் கிடக்கும் இடம். சூரியன் இன்னும் இறங்கவில்லை. உப்புக் குவியல்களில் வெயில் பட்டு எல்லாமே கொஞ்சம் மிதப்பது போலத் தெரிந்தது. நான் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வழக்கமாக அவன் ஒன்று சொன்னால் நான் ஒன்று சொல்வேன், அதை அவன் வெட்டுவான், நான் ஒட்டுவேன், அப்படியே இருட்டிவிடும். இன்றைக்கு அவன் சொன்ன முதல் இரண்டு ஜோக்குக்கும் பதில் வராததால் மூன்றாவதை ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டான். அலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு பேசினான்.

"தாத்தா கடல்காரரு, அப்பா கடல்காரரு. ஊரே என்னய மாலுமிங்காங்க. எனக்குத் தண்ணியப் பாத்தாலே பயம் ஜோவி. அம்மாட்ட சொன்னா அழும். இசக்கிட்ட சொன்னா போஸ்டரு அடிக்கச் சொல்லுவான்."

கடைசி வார்த்தையை வழக்கம்போல விழுங்கிவிட்டான். எனக்குக் கேட்டது. அவன் அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது, அதன்பின் அவன் வீட்டில் கடல் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றைக்கு ஒரு மணி நேரம் கடலைப் பற்றியே பேசினான். நான் தலையைக்கூட ஆட்டவில்லை.

"நீ எதாவது எழுதேன்" என்றான்.

சாக்பீஸை எடுத்தேன். நிறைய இருந்தது. 'தண்ணி குடி' என்று எழுதினேன். அவன் சிரித்துவிட்டு உண்மையாகவே பாட்டிலைத் திறந்து குடித்தான். திரும்பி வரும்போது பைக்கில் காற்று காதை அடைத்தது. அவன் சட்டையில் சோப்பு வாசனை அடித்தது என்பதை ஒரு தகவலுக்காக மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 25

அனுப்பிவிட்டேன். இருபது தடவை அழித்து எழுதினேன். பிரதி இங்கே இருக்கட்டும்:

"ரினோ, இது காமெடி இல்லை. நீ எப்பவும் பேசும்போது கடைசி வார்த்தைய முழுங்கிருவ. எல்லாரும் என்னது, என்னதுன்னு கேப்பாங்க. எனக்கு மட்டும் கேக்கும். அது காது சம்பந்தப்பட்டது இல்லன்னு இந்த ஒரு வாரம் சும்மா கிடந்தப்பதான் புரிஞ்சுது. நீ போகாதன்னு சொல்லல. கப்பல்ல யாருக்கு அது கேக்கும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

அனுப்பிய பிறகுதான் முதல் வரியைப் பார்த்தேன். பொய்க்காகவே மூன்று வருடம் பயன்படுத்திய வரி. உண்மைக்கென்று தனியாக வேறு வரி எதுவும் என்னிடம் இருக்கவில்லை. அதோடு, இந்த ஒரு வாரமும் நான் அவனுக்கு அனுப்பியதெல்லாம் ஸ்கிரிப்ட்தான், எனக்குக் குரல் இல்லாததால் அவன் பேசி நடிப்பதற்காக.

இரண்டு நீலக் குறி விழுந்தது. எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. ஆறு நிமிடம். பிறகு ஒரு நெருப்புப் படமும் ஒரு வரியும் வந்தன: "செம. இத இன்னைக்கே எடுக்கேன்."

ஜனவரி 26

தெருமுனையில் கொடியேற்றி மைக்கில் பாட்டுப் போட்டார்கள். மிட்டாய் வந்தது. எனக்குக் கஞ்சி.

காலை பத்து மணிக்கு ரீல் வந்தது. ரினோ கடற்கரையில், அதே இடத்தில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து என் வரிகளைச் சொல்கிறான். 'ரினோ' என்ற பெயரை மட்டும் எடுத்துவிட்டான். கண் கொஞ்சம் சிவந்திருக்கிறது. நடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

இசக்கி எனக்குத் தனியாக எழுதினான்: "அக்கா ஸ்கிரிப்ட் தீயா இருக்கு. ரினோ பதினோரு டேக் வாங்கிட்டான். நடுவுல எந்திரிச்சுப் போயி மொகத்தக் கழுவிட்டு வந்தான். வேற லெவல் ஆக்டிங்."

நான் என்ன செய்வது? கீழே சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சியைப் போட்டேன். மூன்று தடவை.

ஜனவரி 27

நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். என்னுடைய மற்ற எந்த ஸ்கிரிப்டுக்கும் இவ்வளவு வந்ததில்லை.

இன்று முழுவதும் அந்த வரிகள் எனக்கு நாலா பக்கமும் கேட்டுக்கொண்டே இருந்தன. எதிர்வீட்டு மாடியில் ஒரு தடவை. பால் வாங்கப் போகும்போது கடையில் நின்றிருந்த பையனின் போனில். நான் எழுதியது என் கை விட்டுப் போய், ஊரெல்லாம் சுற்றி, அடையாளம் தெரியாத குரல்களில் திரும்பி வருகிறது. எனக்கோ வாய் இல்லை. கனவில் நாம் கூப்பிட்டும் யாருக்கும் கேட்காதே, அந்த மாதிரி கடை வாசலில் பால் பாக்கெட்டோடு நின்றேன்.

மத்தியானத்துக்குள் அது டெம்ப்ளேட் ஆகிவிட்டது. குக்கர் விசிலடிக்கும் படத்தில் 'எனக்கு மட்டும் கேக்கும்.' படகில் உட்கார்ந்திருக்கும் நாய்ப் படத்தில் 'கப்பல்ல யாருக்கு அது கேக்கும்.' சாயங்காலம் அந்த நாய்ப் படத்தைக் கிண்டல் செய்து இன்னொன்று, அதை ரசிப்பவர்களைக் கிண்டல் செய்து மற்றொன்று. நாய்ப் படத்துக்கு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகச் செய்திருந்தார்கள். சிரித்து முடித்த பிறகு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அம்மாவின் போனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது, அங்கன்வாடி குரூப் வழியாக. ரினோவைத் திரையில் பார்த்து "நம்ம பயலா இது!" என்றாள். இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "யாரு எழுதிக் குடுத்தாவளோ, நெஞ்சுக்குள்ள இருந்து எழுதிருக்காவ" என்றாள், என்னைப் பார்க்காமலே. நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். தண்டு எது, இலை எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன்.

ஜனவரி 28

இன்றைக்கு இதை எழுதியாக வேண்டும். பத்து நாளாக இந்த டைரியிடம்கூடச் சொல்லாமல் நழுவிக்கொண்டிருக்கிறேன்.

'சும்மா சொன்னேன்' எப்படித் தொடங்கியது என்று யார் கேட்டாலும் "தற்செயல்" என்போம். தற்செயல் இல்லை. மூன்று வருடத்துக்கு முன், ரினோவின் அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அவன் எனக்கு ஒரு செய்தி அனுப்பினான். "வீட்டுல எல்லாரும் பேசுறாங்க, எதுவும் காதுல ஏறல. நீ போன்ல பேசுறது மட்டும் கேக்குது. நாளைக்கும் பேசுவியா?"

எனக்கு இருபத்தொரு வயது. என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சொன்னால் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. அந்த வரிகளை எடுத்து, ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் வாசித்துப் பதிவு செய்து அவனுக்கே திருப்பி அனுப்பினேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள்." சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சியைப் போட்டான். "செமயா இருக்கு, போஸ்ட் பண்ணு" என்றான். அதுதான் எங்கள் முதல் ஹிட்.

அவன் சிரித்தான் என்றுதான் மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். முந்தாநாள் அதே மூஞ்சியை நானும் போட்டேன். அதைப் போடும்போது முகம் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது. நான் செய்தது பெரிய கொடுமை.

குரூப்பில் உண்மையைச் சொல்லலாம் என்றால் எனக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க வேண்டும், அதையும் நானே டிசைன் செய்ய வேண்டும். அதனால் அவனுக்குத் தனியாக எழுதினேன்: "அது ஸ்கிரிப்ட் இல்லை."

உடனே பதில் வந்தது. "பார்ட் டூ-வா? செம ஓப்பனிங்." மறுபடி அந்த மூஞ்சி.

எழுத்தில் இனிமேல் முடியாது. நான் எதை எழுதினாலும் அது ஸ்கிரிப்டாகிவிடும். குரல் வர இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அவன் நாளைக்குப் போகிறான்.

ஜனவரி 29

விடியற்காலையிலேயே ஸ்டேஷனில் நல்ல கூட்டம். ரினோவின் அம்மா ஒரு பெரிய பையில் மக்ரூனும் மிக்சரும் கட்டிக் கொண்டு வந்திருந்தார். ரினோ புதுச் சட்டையில் ஸ்கூலுக்கு முதல் நாள் போகும் பிள்ளை மாதிரி இருந்தான். இசக்கி போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கியில் உண்மையான அறிவிப்பு வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரயில் கிளம்பச் சில நிமிடம் இருக்கும்போது ரினோ கேமராவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஜோவி மேடம், நேயர்களுக்குக் கடைசியா ஒரு வார்த்த?" என்று மைக் பிடிப்பது போலக் கையை நீட்டினான். முகத்தில் சிரிப்பு இருந்தது. நீட்டிய கையை இறக்கவே இல்லை.

பேசிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இப்போது வாயைத் திறந்து உண்மையைச் சொன்னாலும், குரல் போனாலும், இசக்கியின் போனில் அது இன்னொரு ரீலாகத்தான் வரும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு சிலேட்டில் 'போய்ச் சேர்ந்ததும் சொல்லு' என்று எழுதினேன். இசக்கி "அவ்வளவுதானா அக்கா!" என்று கத்தினான். ரினோ அந்த மூன்று வார்த்தையை ஒரு பக்கம் அளவு இருப்பது போல வாசித்தான். பிறகு ரயில் நகர்ந்தது, ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

ஆட்டோவில் வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஜனவரி 30

ராத்திரி தூங்கப் போகும்போது "சேந்தாச்சு" என்று ஒரு வார்த்தை வந்தது. மும்பையில் மாலுமிகள் விடுதி. படமெல்லாம் இல்லை.

ஜனவரி 31

ரீலை அழித்துவிட்டேன். ஒன்பது லட்சத்தில் இருந்தது.

அரைமணி நேரத்தில் இசக்கி வீட்டுக்கே வந்துவிட்டான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். "அக்கா, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? நம்ம பக்கத்துக்கு இதுக்கு முந்தி எதாவது இவ்வளவு போயிருக்கா?" சிலேட்டில் 'என்னுடையது' என்று எழுதினேன். "ஒன்னோடதுதான், யாரு இல்லன்னா? எழுதுனது நீதானே" என்றான். அவனுக்குப் புரியவில்லை. புரிய வைக்கச் சிலேட்டில் இடமும் இல்லை.

அழித்ததும் ஒரு செய்தியாகிவிட்டது. "டெலீட் பண்ற மாதிரி பண்ணி ஹைப் ஏத்துறானுங்க", "மார்க்கெட்டிங் வெறித்தனம்" என்று கமென்ட். ஐம்பது பேர் அதைத் தங்கள் பக்கத்தில் சேமித்து வைத்திருந்து மறுபடி ஏற்றிவிட்டார்கள். ஒருத்தன் எனக்கே கண்ணீர் அஞ்சலி அடித்து அனுப்பியிருந்தான். டிசைன் சுமார்தான், குத்துவிளக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டுப் படுத்தேன்.

பிப்ரவரி 1

நாளைக்குப் பரிசோதனை. நாளைக்குத்தான் அவன் கப்பல் ஏறுகிறான், மத்தியானத்துக்கு மேல். ஏறிவிட்டால் சிக்னல் எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது.

அம்மா அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டுதான். நான் எட்டிப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவாள்.

பிப்ரவரி 2

டாக்டர் பிரேமலதா குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். "இப்ப ஆன்னு சொல்லுங்க" என்றார். பதினைந்து நாளுக்குப் பிறகு சொன்னேன். என்னுடையது மாதிரியே இல்லை. மெலிதாக, கொஞ்சம் மேலே, நேற்றுத்தான் யாரோ கொண்டு வந்து வைத்தது போல இருந்தது. "நல்லா ஆறிருக்கு. ஆனா இன்னைக்கு மொத்தமா அஞ்சு நிமிஷம்தான். நாளைக்குப் பத்து. அந்த ரயில் குரல் இனிமே வேண்டாம்" என்றார்.

அம்மா மருந்து வாங்கப் போனாள். ஆஸ்பத்திரி வாசலில் வேப்ப மரத்தடியில் பைக் நிறுத்தும் இடம் இருக்கிறது. அங்கே போய் நின்று போன் போட்டேன்.

"ஹலோ, யாரு?"

என் எண்ணில் இருந்துதானே கூப்பிட்டேன், பெயர் திரையில் தெரியாமலா இருக்கும்? பார்க்காமலே எடுத்திருக்கிறான். "நான்தான்" என்றேன்.

"யாருங்க?"

"ஜோவி."

அந்தப் பக்கம் தட்டு, தம்ளர் சத்தம் கேட்டது. மூச்சை இழுத்தான். பிறகு, "பயணிகளின் கனிவான" என்று ஆரம்பித்தான்.

"ரினோ. எனக்கு இன்னைக்கு அஞ்சு நிமிஷம்தான் பேச்சு. வீணாக்காத."

நிறுத்திவிட்டான்.

"அது ஸ்கிரிப்ட் இல்லலே."

தட்டு, தம்ளர் சத்தம் தூரமாகிப் போனது, எழுந்து வெளியே வந்திருக்கிறான். பிறகு, "தெரியும்" என்றான்.

"எப்பத்துல இருந்து?"

"வாசிச்ச அன்னைக்கே தெரிஞ்சுது. நீ சிரிச்ச ஒடனே தெரியாமப் போயிட்டு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்த முடியாது, அதனால் மெதுவாகவே கோபப்பட்டேன். "தெரிஞ்சா பொறவு ஏம்லே ரீலாப் போட்ட? ஊரே பாத்துச்சு. நாய்க்கெல்லாம் போட்டான்வ."

"ஒனக்குத்தான் திருப்பிச் சொன்னேன் ஜோவி. நான் எப்பவாது எதையாவது நேரா சொல்லிருக்கேனா? எனக்கு வராது. கேமராவ வச்சா வருது. இசக்கிட்ட நடிப்புன்னு சொல்லிட்டு ஒன்ன நெனச்சுத்தான் பதினோரு தடவ சொன்னேன். பாத்தாப் புரிஞ்சிக்கிடுவன்னு நெனச்சேன். நீ அந்த மூஞ்சியப் போட்ட. மூணு. செரி, அவ ஸ்கிரிப்டுன்னுதான் அனுப்பிருக்கா, நாமதான் கோட்டிக்காரன்னு விட்டுட்டேன். பார்ட் டூன்னு சொன்னது வயித்தெரிச்சல்ல."

நான் வேப்ப மரத்தில் சாய்ந்துகொண்டேன். நான் ஒரு வாரமாக நினைத்து அழுதுகொண்டிருந்த அந்த ரீல்தான் எனக்கு அவன் அனுப்பிய பதில். அவன் சொன்னதை நான் சிரிப்பால் அடித்தேன், நான் சொன்னதை அவன் நெருப்பால் அடித்தான்.

"மூணு வருஷத்துக்கு முந்தி நீ அனுப்புனத நான் அறிவிப்பாப் படிச்சேன்லா" என்றேன். "அது தப்பு. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் அப்படிப் பண்ணேன். அன்னைக்கே சொல்லிருக்கணும்."

பரவாயில்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "ரொம்ப நாள் வலிச்சுது ஜோவி" என்றான். "இப்ப நீ சொன்ன பொறவுதான் கொஞ்சம் நல்லாருக்கு."

"எனக்கு ஒன்னப் புடிச்சிருக்கு" என்றேன்.

சொல்லிவிட்டேன். பாதியில் குரல் உடைந்து ஒரு எழுத்து காற்றாகப் போனது. முகம் சுட்டது. ஏதாவது கிண்டலாகச் சேர்த்து அதை மூடிவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், இரண்டு பேருமே ஒன்றும் சேர்க்கவில்லை. பயமாக இருந்தது. கையில் எதுவும் இல்லாமல் நடுத்தெருவில் நிற்பது போல இருந்தது.

"எனக்கும்தான்" என்றான். முழு வார்த்தையாகச் சொன்னான்.

அடுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஏட்டி, வாய மூடு. அஞ்சு நிமிஷம் ஆயிட்டு. நீ சொன்னதுல இருந்து மணியத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். தொண்டையக் கெடுத்துக்கிட்டன்னா ஒம்போது மாசம் கழிச்சு வந்து யாரு கொரல நான் கேக்க? இனி நான் பேசுதேன். நீ சும்மா கேளு."

கேட்டேன். விடுதியில் கட்டில் கட்டை என்றான், கூட வருகிறவன் ஒரிசாக்காரன், ராத்திரியெல்லாம் குறட்டை என்றான். தண்ணீரைப் பார்த்தால் இன்னும் பயம்தான், ஆனால் ஏறிவிடுவேன் என்றான். அம்மாவை வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கச் சொன்னான். சிரிக்க வைக்க ஒரு முயற்சியும் செய்யவில்லை. பிறகு யாரோ இந்தியில் கூப்பிட்டார்கள். "வேன் வந்துட்டு" என்றான். வேன் கதவு இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது, அதோடு இணைப்பு போய்விட்டது.

டாக்டர் சொன்னபடி சத்தம் போடாமல் அழுதேன். அம்மா மருந்துப் பையோடு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வலிக்குதாட்டி?" என்று கேட்டாள், கத்தாமல். இன்றைய பேச்சு தீர்ந்துவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினேன். வலித்தது. ஒன்பது மாதமும் வலிக்கும் என்று தெரிந்தே சந்தோஷமாக இருந்தேன்.